"ஏன் அப்பவே சொல்லேல்ல?"

திருகோணமலையில் ஆசிரியர்களுக்காக நடந்த சிறுவர் பாதுகாப்புச் செயலமர்வு ஒன்றில் எங்களை நடித்துக்காட்டச் சொன்னார்கள். பத்து வயதுப் பிள்ளையாக நடித்த இளம் ஆசிரியை தலையைக் குனிந்தபடி, "பக்கத்து வீட்டு மாமா ஒரு மாதிரிச் செய்தவர் டீச்சர்" என்றார். இருபது வருடத்துக்கு மேல் கற்பித்த நான் உடனே கேட்டது: "அம்மாட்ட ஏன் அப்பவே சொல்லேல்ல?" குற்றத்தைத் தூக்கிப் பிள்ளையின் தலையில் வைத்துவிட்டேன் என்பது மண்டபத்தின் அமைதியில்தான் எனக்கு உறைத்தது.

சட்டத்துக்கு இங்கே பஞ்சமில்லை. சிறுவர் மீதான பாலியல் குற்றங்களையும் உள்ளடக்கி 1995இல் தண்டனைச் சட்டக்கோவை திருத்தப்பட்டது. 1998ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபை உருவானது. முறைப்பாடு செய்வதற்கான அதன் 1929 என்ற தொலைபேசி இலக்கம் பாடசாலைச் சுவர்களிலும் எழுதப்பட்டிருக்கிறது. பிள்ளையின் ஆரம்ப வாக்குமூலத்தை ஒளிப்பதிவு செய்து நீதிமன்றில் சாட்சியமாக முன்வைக்க 1999இலேயே சட்டம் வழிசெய்தது. ஆனால் அந்தக் கமராவுக்கு முன்னால் போய் உட்காருவதற்குள் வகுப்பாசிரியர், அதிபர், குடும்பநல உத்தியோகத்தர், பொலிஸ், நன்னடத்தை உத்தியோகத்தர் என்று ஆளுக்கொரு கேள்வி கேட்டு முடித்திருப்பார்கள். "மாமாதானே தொட்டவர்?" என்று நாங்கள் எடுத்துக்கொடுக்கும் ஒரு சொல் போதும், பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டார்கள் என்று எதிர்த்தரப்புச் சட்டத்தரணி வாதாட. ஆசிரியரின் வேலை விசாரணை அல்ல. கேட்பதும், பிள்ளை சொன்ன சொற்களை அப்படியே திகதியோடு குறிப்பதும், தாமதமின்றி அறிவிப்பதும்தான்.

தாமதம் என்பது சின்ன விடயமல்ல. எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் மருந்தை 72 மணித்தியாலங்களுக்குள் தொடங்கியாக வேண்டும். வெருகலிலோ புல்மோட்டையிலோ ஒரு பாடசாலை, "குடும்பத்தோட கதைச்சுப் பார்ப்பம்" என்று ஒரு கிழமையைப் போக்கினால் அந்த வாய்ப்பு கைநழுவிவிடும். உடலில் காயமில்லை என்பதால் எதுவும் நடக்கவில்லை என்றாகிவிடாது என்பதையும் செயலமர்வுக்கு வந்திருந்த வைத்தியர் திரும்பத் திரும்பச் சொன்னார்.

எங்கள் மாவட்டத்துக்கென்று இன்னொரு சிக்கல் உண்டு. "ஒரு மாதிரிச் செய்தவர்" என்று தமிழில் சொன்னது முறைப்பாட்டில் சிங்களத்தில் பதிவாகும்போது என்னவாக மாறும்? உடலுறுப்புகளின் பெயரைக்கூடச் சொல்லிக்கொடுக்காமல் வளர்த்துவிட்டு, தெளிவாகச் சொல்லவில்லை என்று பிள்ளையைக் குறைகூறுகிறோம். மொழிபெயர்ப்பவருக்கும் இந்தப் பயிற்சி தேவை என்று எவரும் பேசிக் கேட்டதில்லை.

என்னிடம் இப்படிப்பட்ட செயலமர்வுச் சான்றிதழ்கள் மூன்று இருக்கின்றன. முதலிரண்டில் நினைவில் நிற்பது சோற்றுப் பார்சலும் குழுப்படமும்தான். ஆசிரியரையும் பொலிஸாரையும் சட்ட வைத்திய அதிகாரியையும் ஒரே மேசையில் இருத்தி, ஆண்டுதோறும் இப்படி நடிக்கவைத்துத் திருத்துவதையே நான் பயிற்சி என்பேன்.

அன்று எனக்கு இரண்டாம் முறை சந்தர்ப்பம் தந்தார்கள். "சொன்னது நல்லது பிள்ளை. நான் நம்புறன்" என்றேன். அதன்பிறகு வாயை மூடிக்கொண்டு காத்திருக்க வேண்டும். அந்த அரை நிமிடம்தான் எனக்கு எல்லாவற்றையும்விடக் கடினமாக இருந்தது.