30 கி.மீ. வரம்பு வந்தால் பயண நேரம் இரட்டிப்பாகுமா?

"நகர வேக வரம்பை 50-லிருந்து 30 கி.மீ. ஆக்கினால் பயண நேரம் இரட்டிப்பாகும், உயிரிழப்போ குறையாது" என்று ஒரு தகவல் சுற்றுகிறது. இரண்டுமே தவறு.

நிற்காமல் 50-லேயே ஓட்டினால்கூட அந்தக் கணக்கு வராது. நகரத்தில் யாரால் அப்படி ஓட்ட முடிகிறது? நேரத்தைத் தின்பது சிக்னலும் நெரிசலும்தான்.

குறுக்கே ஒரு குழந்தை வந்தால், ஓட்டுநர் சுதாரித்து பிரேக்கை மிதிக்கவே சுமார் 1 வினாடி ஆகும். உலர்ந்த சாலையில் 30-ல் வரும் கார் 13, 14 மீட்டருக்குள் நின்றுவிடும். 50-ல் வரும் காரோ அந்தத் தூரம் வரை முழு வேகத்தில்தான் வந்துகொண்டிருக்கும். மோதும் ஆற்றலும் ஏறக்குறைய 2.8 மடங்கு.

பாதிக்கு மேற்பட்ட தெருக்களில் 30 வரம்புள்ள, பின்லாந்தின் தலைநகரான ஹெல்சின்கியில், 2024 ஜூலை முதல் ஓராண்டுக்குச் சாலை விபத்தில் ஒருவர்கூட இறக்கவில்லை. சரி, பலகை மட்டும் நட்டால் போதாதுதான். அங்கே தெருக்களை மாற்றி அமைத்தார்கள், கேமராவும் வைத்தார்கள்.