பட்டியலில் பெயர் இல்லாதவரிடம் என்ன சொல்கிறோம்?

மண்டல அணிக்கான இறுதிப் பட்டியலை இரவு 10 மணிக்கு வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டு, கைப்பேசியை அணைத்துவிட்டுப் படுக்கப் போன பயிற்சியாளர்களில் நானும் ஒருவன். 3 மாதம் என்னிடம் ரக்பி பழகிய 40 பேரில் 25 பேருக்குத்தான் இடம் இருந்தது. மற்ற 15 பேரும், இடம் கிடைத்தவர்கள் பரிமாறிக்கொண்ட வாழ்த்துகளுக்கு நடுவே, தங்கள் பெயர் இல்லை என்பதைத் தெரிந்துகொண்டார்கள். அவர்களில் ஃப்ளாங்கர் என்ற இடத்தில் ஆடிய ஓர் இளைஞன் அதன்பின் பந்தையே தொடவில்லை என்பது ஓராண்டு கழித்து வேறொருவர் வழியாக எனக்குத் தெரியவந்தது. அவனைச் சேர்க்காதது தவறான முடிவு என்று இன்றும் நான் நினைக்கவில்லை. சொன்ன விதம் தவறு. உள்ளபடி சொன்னால், நான் அவனிடம் எதையும் சொல்லவே இல்லை.

பயிற்சியாளர் மேம்பாடு, வீரர் நலன் ஆகிய இரண்டும் கூட்டங்களில் வெவ்வேறு தலைப்புகளாக, வெவ்வேறு குழுக்களின் பொறுப்பாகப் பேசப்படும்போதெல்லாம் எனக்கு அந்த இரவு நினைவுக்கு வருகிறது. தொழில்முறை கிளப்பில் மருத்துவர், பிசியோதெரபிஸ்ட், உளவியலாளர், உணவு ஆலோசகர் என்று ஒரு படையே இருக்கும். அங்கே இவற்றைப் பிரித்துப் பேசுவதில் பொருள் உண்டு. மண்டல மட்டத்திலோ, வேலை முடிந்து மாலையில் மைதானத்துக்கு ஓடிவரும் ஒரு பயிற்சியாளரும், ஒரு முதலுதவிப் பெட்டியும், வாய்த்தால் வாரம் ஒருமுறை வந்துபோகும் பிசியோவும்தான் இருக்கிறார்கள். அந்தப் பயிற்சியாளருக்கு எதைக் கற்றுக்கொடுத்திருக்கிறோமோ அந்த அளவுக்குத்தான் வீரருக்குப் பாதுகாப்பு.

கற்றுக்கொடுத்தால் பலன் உண்டு என்பதற்கு நம் விளையாட்டிலேயே சான்று இருக்கிறது. நியூசிலாந்தில் 2001-இல் தொடங்கிய ரக்பிஸ்மார்ட் திட்டம், பயிற்சியாளர்களும் நடுவர்களும் ஆண்டுதோறும் பாதுகாப்புப் பயிற்சி பெறுவதைக் கட்டாயமாக்கியது. முந்தைய ஆண்டுகளின் போக்கை வைத்துக் கணக்கிட்டால், 2001 முதல் 2005 வரை ஊனம் விளைவிக்கும் முதுகெலும்புக் காயங்கள் ஏறக்குறைய 19 நேர்ந்திருக்க வேண்டும், நேர்ந்தவை 8. இரு அணியினரும் தோள்கோத்து எதிரெதிரே முட்டித் தள்ளும் ஸ்க்ரம்மில் மட்டும் 9 என்று எதிர்பார்க்கப்பட்ட இடத்தில் ஒன்றே ஒன்று. தென்னாப்பிரிக்காவும் 2009-இல் போக்ஸ்மார்ட் என்ற பெயரில் இதே வழியில் இறங்கி, இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை சான்றிதழைப் புதுப்பிக்க வேண்டும் என்றது. முன்வரிசையில் நிற்பவரின் கழுத்தும் தோளும் எப்படி இருக்க வேண்டும், பந்தோடு ஓடுபவரைப் பிடித்து வீழ்த்தும் டேக்கிளில் தலை எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதைச் சாதாரணக் கிளப் பயிற்சியாளர்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுத்ததுதான் இவற்றின் அடிப்படை.

ஆனால் கழுத்தின் கோணம் கண்ணுக்குத் தெரியும். வீரர் மறைக்கும் வலி தெரியாது. உயர்மட்ட ஆட்டத்தில் கன்கஷன், அதாவது அடிபட்டதால் மூளையில் அதிர்ச்சிக் காயம், என்ற சந்தேகம் எழுந்தால் வீரரை வெளியே அழைத்து, காணொளியைப் பார்த்து, 12 நிமிடங்களுக்குள் மருத்துவர் பரிசோதிக்கிறார். 2024 முதல் தாக்கத்தை அளக்கும் சென்சார் பொருத்திய வாய்க்காப்பும் இதற்குத் துணையாக வந்திருக்கிறது. நம் மட்டத்தில் அந்தப் பரிசோதனை கிடையாது. சந்தேகம் வந்த உடனே வெளியேற்ற வேண்டும், அன்று மீண்டும் களமிறக்கக் கூடாது, அவ்வளவுதான். விதி என்னவோ எளியதுதான். ஆனால் அடுத்த நாள் காலையில் தலை வலிப்பது அந்த வீரருக்கு மட்டுமே தெரியும். கனடாவின் ஒன்டாரியோவில் 2013-இல், சில நாள் இடைவெளியில் தலையில் அடுத்தடுத்து அடிபட்டு இறந்துபோன 17 வயதுப் பள்ளி வீராங்கனை ரோவன் ஸ்ட்ரிங்கருக்கு, தமக்குக் கன்கஷனாக இருக்கலாம் என்ற ஐயம் முன்பே இருந்தது. ஆனாலும் அவர் தொடர்ந்து ஆடினார். அவர் பெயரிலேயே 2018-இல் இயற்றப்பட்ட சட்டத்தால், அங்கே இளம் வீரர்களும் பயிற்சியாளர்களும் கன்கஷன் பற்றிய விவரங்களை ஆண்டுதோறும் படித்தாக வேண்டியிருக்கிறது. நல்ல சட்டம். எனினும், தெரிந்திருந்தும் சொல்ல முடியாமல் போவதற்குப் படிப்பு மட்டும் மருந்தாகாது.

18 வயது வீரரின் இடத்தில் இருந்து இதைப் பார்ப்போம். பிரிட்டனின் 2023 வழிகாட்டுதலின்படி, கன்கஷனுக்குப் பிறகு போட்டிக்குத் திரும்பக் குறைந்தது 21 நாட்கள் ஆக வேண்டும். தலைவலியைச் சொன்னால் அதற்குள் தேர்வு ஆட்டங்கள் முடிந்துவிடும் என்பது அவருக்குத் தெரியும். சொல்ல வேண்டிய ஆளோ, பட்டியலை எழுதப்போகும் அதே பயிற்சியாளர். உறக்கமின்மை, பரீட்சை பயம், வீட்டுச் சண்டை, எடையைக் கூட்டச் சொன்னதால் சாப்பாட்டின் மீதே வந்த வெறுப்பு என எதை எடுத்தாலும் இதே கதைதான். 'என் கதவு எப்போதும் திறந்தே இருக்கும்' என்று நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். அந்தக் கதவுக்குப் பின்னால் பட்டியல் இருப்பதை வீரர்கள் மறப்பதில்லை.

எனவே ஒவ்வொரு மண்டல அணியிலும், தேர்வில் எந்தப் பங்கும் இல்லாத ஒருவர் வீரர்களுக்குக் காதுகொடுக்க இருந்தாக வேண்டும் என்பது என் கருத்து. அவர் உளவியலாளராக இருக்க வேண்டியதில்லை. ஓய்வுபெற்ற வீரராகவோ ஆசிரியராகவோ இருக்கலாம். கேட்பதும், தேவைப்பட்டால் மருத்துவரிடம் அழைத்துச் செல்வதும்தான் அவர் வேலை. உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து என்றால் ஒழிய, கேட்டது பயிற்சியாளரை எட்டக் கூடாது. 'இந்த வாரம் இவர் ஆட மாட்டார்' என்ற ஒரு வரி பயிற்சியாளருக்குப் போதும். காரணம் தெரியாமல் திட்டமிட முடியாது என்று சில நண்பர்கள் வாதிடுகிறார்கள். கணுக்கால் பிசகினாலும் அந்த வீரர் இல்லாமல்தானே திட்டமிடுகிறோம்?

பயிற்சியாளர் வளர்ச்சிக்கும் இதே பிரிவினை தேவை. இரண்டு நாள் வகுப்பில் சான்றிதழ் வாங்குவது தொடக்கம் மட்டுமே. 18 புள்ளிகள் பின்தங்கிய நிலையில் இடைவேளையில் ஒரு பயிற்சியாளர் என்ன பேசுகிறார் என்பதை எந்த வகுப்பறையும் காட்டாது. அனுபவமுள்ள ஒருவர் பருவத்தில் மூன்று நான்கு முறையாவது மைதானத்தின் ஓரத்தில் நின்று, எத்தனை முறை கத்தினார், எத்தனை கேள்வி கேட்டார், அடிபட்டு எழுந்தவரைப் பார்த்து முதலில் வந்த சொல் எது என்று குறித்துக்கொண்டு, ஆட்டம் முடிந்தபின் அவரோடு தனியே உட்கார்ந்து பேச வேண்டும். என் சட்டையில் ஒலிவாங்கியை மாட்டிப் பதிவுசெய்ததை முதன்முறை கேட்டபோது, பத்து நிமிடத்தில் 'சீக்கிரம்' என்ற சொல்லை நான் எத்தனை முறை சொல்கிறேன் என்று அறிந்து கூசிப்போனேன். ஆனால் அந்த வழிகாட்டியின் குறிப்புகள் நியமனக் குழுவுக்குப் போகக் கூடாது. போனால், தலைவலியை மறைக்கும் வீரரைப் போலவே நாங்களும் எங்கள் குறைகளை மறைப்போம்.

இப்போது நான் பட்டியலை வெளியிடுவதற்கு முன் ஒவ்வொருவரையும் நேரில் சந்திக்கிறேன். இடம் இல்லை என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுகிறேன். எதனால், அடுத்து எதில் உழைக்க வேண்டும் என்பவை அதன்பிறகு. அவருடைய கிளப் பயிற்சியாளருக்கும் அன்றே தெரிவிக்கிறேன். இரண்டு மாலைகள் இதற்கே போய்விடுகின்றன. சென்ற பருவத்தில், ஸ்க்ரம்மின் முன்வரிசை நடுவில் நிற்கும் ஹூக்கர் ஒருவர், நான் பேசி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சார், ஆறு வாரமாகத் தோள்பட்டை வலிக்கிறது. இனிமேல் சொல்லலாம்தானே?" என்று கேட்டார்.