காமெடி என்று போட்டிருந்தது, நம்பி உட்கார்ந்தேன்

நேற்று ராத்திரி பத்து மணி. நாள் முழுக்க வேலையில் மண்டை காய்ந்துபோய் வந்து உட்கார்ந்தேன். எனக்கு வேண்டியது அரை மணி நேரம். யாரும் சாக வேண்டாம், யாரும் திருந்தவும் வேண்டாம், சும்மா சிரித்துவிட்டுப் படுக்க வேண்டும். 'காமெடி' என்று எழுதியிருந்த வரிசையில் தேடினேன். 'தி பேர்' கண்ணில் பட்டது. விருதெல்லாம் வாங்கிய தொடர். சரி என்று போட்டேன்.

அண்ணன் தற்கொலை செய்துகொண்டுவிட்டான். கடனோடு அவன் விட்டுப்போன சாண்ட்விச் கடையைத் தம்பி நடத்துகிறான். சமையலறையில் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் கத்துகிறார்கள். பத்து நிமிஷம் ஆவதற்குள் எனக்கே படபடப்பு வந்துவிட்டது. என் ஆபீஸே தேவலை! தொடர் மோசம் என்றால்கூட மனசு ஆறும். அதுவும் இல்லை, நன்றாகத்தான் எடுத்திருக்கிறார்கள். வயிற்றெரிச்சலே அதுதான். நல்ல டிராமா ஒன்றை எடுத்து, அதன் நெற்றியில் எதற்கு ஐயா 'காமெடி' என்று ஒட்டுகிறீர்கள்?

இதற்குத்தான் 2024 ஜனவரியில் சிறந்த காமெடித் தொடருக்கான எம்மி விருதை, அமெரிக்க டிவி உலகின் பெரிய விருதை, கொடுத்தார்கள். இரண்டாவது சீசனில் கிறிஸ்துமஸ் விருந்து எபிசோட் ஒன்று உண்டு, ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஓடும். குடித்துவிட்டு, அழுது, எல்லோரையும் குத்திப் பேசி உடைந்துபோகும் அம்மாவாக ஜேமி லீ கர்டிஸ் வருவார். நடிப்பு அபாரம், மறுக்கவே மாட்டேன். ஆனால் அவருக்குக் கொடுத்த எம்மியும் காமெடித் தொடருக்கான கௌரவ நடிகை விருது. அந்த அம்மாவைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தவர் யாராவது உங்கள் வீட்டில் இருந்தால், கொஞ்சம் தள்ளியே படுங்கள்.

இந்தக் கூத்துக்கு ஒரு விதியும் வைத்திருந்தார்கள். 2015-இல் எம்மிக்காரர்கள், அரை மணி நேரத்துக்குள் முடிந்தால் காமெடி, அதைத் தாண்டினால் டிராமா என்று பிரித்தார்கள். விதிவிலக்கு வேண்டுமென்றால் மனு போட வேண்டியிருந்தது. சிரிப்பை முழம் போட்டு அளந்தார்கள்! 'ஆரஞ்ச் இஸ் தி நியூ பிளாக்' 2014-இல் காமெடியாகப் போட்டியிட்டது, அடுத்த வருஷம் டிராமா ஆகிவிட்டது. அதே சிறை, அதே கைதிகள். ஊசோ அடூபா அதே பாத்திரத்துக்கு முதல் வருஷம் காமெடி விருதும் மறு வருஷம் டிராமா விருதும் வாங்கினார். சினிமாவில் இன்னும் மோசம். செவ்வாய் கிரகத்தில் ஒருவன் தன்னந்தனியாக மாட்டிக்கொண்டு உயிருக்குப் போராடுகிற 'தி மார்ஷியன்' படத்துக்கு 2016-இல் கோல்டன் குளோப் கிடைத்தது. எந்தப் பிரிவில்? இசை அல்லது நகைச்சுவை.

தமிழ்ப் படங்கள் சளைத்தவையா என்ன. இடைவேளை வரை காமெடி, அப்புறம் கருத்து. முதல் பாதியில் நம்மைச் சிரிக்கவைத்த அதே ஆள் இரண்டாம் பாதியில் கேமராவைப் பார்த்துப் புத்தி சொல்ல ஆரம்பித்துவிடுகிறான்.

இதைச் சொன்னால் நண்பன் ஒருவன், "உனக்கு டார்க் காமெடி புரியாது" என்கிறான். புரியாமல் என்ன? சோகத்துக்கு நான் எதிரி இல்லை. சாப்ளினின் 'சிட்டி லைட்ஸ்' கடைசிக் காட்சியில் கண் கலங்காதவன் மனுஷனே இல்லை. ஆனால் அதற்கு முன்னால் அந்தக் குத்துச்சண்டையில் வயிறு வலிக்கச் சிரிக்கவைத்திருப்பார். கூலியைக் கொடுத்துவிட்டு வேலை வாங்குகிறார். 'மேஷ்' தொடர் போர்முனை மருத்துவமனையில் நடக்கிறது. அங்கே ஜோக் அடிக்காவிட்டால் பைத்தியம் பிடித்துவிடும் என்பதால் அடிக்கிறார்கள். ஜோக்குக்குப் பின்னால் கூட்டம் சிரிப்பதுபோல் ஒலிக்கும் பதிவுச் சிரிப்பைப் போட்டே ஆக வேண்டும் என்ற சேனலோடு மல்லுக்கட்டி, ஆபரேஷன் காட்சிகளில் மட்டுமாவது அது வராமல் பார்த்துக்கொண்டார்கள். அறுவைச் சிகிச்சையில் அறுவை இல்லை. எங்கே சிரிப்பு, எங்கே கூடாது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

அதே நண்பனின் இன்னொரு வசனம்: "முதல் சீசனைப் பொறுத்துக்கோ, அப்புறம் பிரமாதமாயிடும்." சிரிக்கிறதுக்கு நான் தவம் இருக்கணுமா? 'பார்க்ஸ் அண்ட் ரெக்ரியேஷன்' முதல் சீசன் ஆறே எபிசோடுதான், அதையே பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தேன். இரண்டாவது சீசனில் அவன் சொன்னது சரியாகிவிட்டது. அந்தக் கோபம் தனி.

எனக்குத் தெரிந்த காமெடி 'ஃபால்டி டவர்ஸ்'. 1975-இல் ஆறு, 1979-இல் ஆறு, மொத்தம் 12 எபிசோட், கடையைக் கட்டிவிட்டார்கள். அதில் ஓட்டல் முதலாளி பேசிலின் கார் அவசரத்துக்கு நடுரோட்டில் நின்றுவிடும். அவன் காரைத் திட்டி, மிரட்டி, மூன்று எண்ணி, அப்படியும் கிளம்பாததால் ஓடிப்போய் ஒரு மரக்கிளையைக் கொண்டுவந்து காரை விளாசுவான். அவனுக்கு ஒரு சோகக் கதையும் தேவைப்படவில்லை. அப்புறம் 1964-இல் வந்த 'காதலிக்க நேரமில்லை'. நாகேஷ் தன் படக் கதையைச் சொல்லச் சொல்ல, கேட்டுக்கொண்டிருக்கும் பாலையாவின் முகம் போகிற போக்கு! பாதி காமெடி கேட்கிறவர் முகத்தில்தான் நடக்கிறது. எங்கே சிரிக்க வேண்டும் என்று சொல்லித்தரப் பின்னால் யாரும் சிரிப்பதில்லை.

நேற்றும் கடைசியில் அதைத்தான் போட்டேன், எத்தனையாவது தடவையோ. சிரித்துவிட்டுத் தூங்கினேன். இன்று ராத்திரி திறந்தால் முதல் வரிசையிலேயே 'தொடர்ந்து பார்க்கவும்' என்று அதே சமையலறை, அதே ஆட்கள். நீக்குவதற்கான பட்டனைப் பத்து நிமிஷமாகத் தேடிக்கொண்டிருக்கிறேன். அந்த மரக்கிளையை யாராவது கொண்டுவாருங்கள்.