புரூஸ் லீ படத்துக்கு முன்னால் ஒரு ட்ரம்பெட்

2025 ஜூன் 26இல் இசையமைப்பாளர் லாலோ ஷிஃப்ரின் தனது 93ஆவது வயதில் காலமானபோது என்னுடைய முகநூல் முழுக்க ஒரே மெட்டுத்தான்: மிஷன் இம்பொசிபிள். நானும் அதையே பகிர்ந்தேன். அன்றிரவு அவருடைய வேறு என்னென்ன கிடக்கிறது என்று யூடியூப்பில் தேடிக்கொண்டு போனதில் 'கில்லெஸ்பியானா' அகப்பட்டது. 1960 நவம்பரில் நியூயோர்க்கில் பதிவான இசைத்தட்டு. அன்று பிடித்தது, இன்னும் என்னை விடவில்லை.

இந்தப் பதிவு அதைப் பற்றித்தான். கொஞ்சம் நீளும்.

ஷிஃப்ரினை எங்கள் ஆட்களுக்குப் பெயரில் தெரியாது, காதில் நல்லாத் தெரியும். எண்பதுகளில் மட்டக்களப்பில் டெக்கும் டிவியும் வாடகைக்கு எடுத்து, முற்றத்தில் பாய் விரித்து, கரண்ட் இல்லாத நாளில் ஜெனரேட்டரும் சேர்த்துப் பிடித்து, விடிய விடியப் படம் பார்த்த தலைமுறை நாங்கள். தமிழ்ப்படம் இரண்டு ஓடினால் மூன்றாவது கட்டாயம் புரூஸ் லீ. 'என்டர் த டிராகன்' எழுத்தோட்டத்தில் கிட்டார் வாவ் வாவ் என்று இழுக்க, நடுவில் புரூஸ் லீயின் கத்தல் வந்து விழும். சின்னவர்கள் எல்லாரும் பாயை விட்டு எழும்பிவிடுவோம். 1973இல் அந்த இசையைச் செய்தவர் இவர்தான். அதற்கு முன்னால் இந்த மனிசன் என்ன செய்துகொண்டிருந்தார் என்று ஒருநாளும் நான் யோசித்ததில்லை.

ஷிஃப்ரின் ஆர்ஜென்டினாக்காரர். புவனஸ் அயர்ஸில் 1932இல் பிறந்தவர். தகப்பன் அந்த நகரத்தின் பெரிய இசை அரங்கான தேயாத்ரோ கொலோனில் வயலின் வாசித்தவர். மகன் 1952இல் பாரிசுக்குப் போய்ப் பகலில் இசைக் கல்லூரியில் இசையமைப்பாளர் மெசியானிடம் படித்தார், இரவில் ஜாஸ் கிளப்புகளில் பியானோ வாசித்தார். ஊருக்குத் திரும்பி வந்து சொந்தமாக ஒரு பெரிய ஜாஸ் பாண்ட் கட்டினார். 1956இல் அமெரிக்க வெளிவிவகாரத் திணைக்களம் ஜாஸ் ட்ரம்பெட்காரர் டிஸி கில்லெஸ்பியின் பாண்டைத் தென் அமெரிக்காவுக்கு அனுப்பியது. அங்கே ஷிஃப்ரினின் வாசிப்பைக் கேட்ட கில்லெஸ்பி, இதெல்லாம் நீ எழுதினதா என்று விசாரித்து, அமெரிக்காவுக்கு வரச்சொல்லிக் கூப்பிட்டார். 1958இல் போனார். கில்லெஸ்பிக்கென்றே ஐந்து பகுதியுள்ள ஒரு பெரிய படைப்பை எழுதினார், அதுதான் கில்லெஸ்பியானா. பதிவில் பியானோவிலும் அவரே. அப்போது வயது 28.

அஞ்சலிக் குறிப்புகள் பலவற்றில் இந்தக் காலம் முழுதும் ஒரு வரி. 'ஜாஸ் பியானோ வாசித்துத் தொடங்கியவர்', அடுத்த வரியில் ஹொலிவூட். இதை என்னால் ஏற்க முடியவில்லை. அது பயிற்சிக்காலம் இல்லை. தொலைக்காட்சியில் அந்தப் பிரபலமான மெட்டு ஒரு நிமிடம்கூட ஓடாது. படம் தொடங்கினால் இசை ஒதுங்கிக்கொள்ள வேண்டும். கில்லெஸ்பியானாவில் அவருக்கு ஒருவரும் மணி அடிக்கவில்லை. ஒரு சிந்தனையை எடுத்து, அதைத் திருப்பி, இன்னொருவர் கையில் கொடுத்து, அவர் அதை என்ன செய்கிறார் என்று பார்த்து, திரும்ப வாங்குகிறார். ஒரு இசையமைப்பாளரின் முழு உயரம் தெரிய வேண்டுமென்றால் அவரை இப்படியான இடத்தில்தான் பார்க்க வேண்டும்.

அதன் அமைப்பு எனக்குப் பிடிபட்டதே எங்கள் கூத்தால்தான். ஐரோப்பாவில் கொன்செர்தோ குரோசோ என்று ஒரு பழைய வடிவம் உண்டு. சின்னக் குழு ஒன்று, பெரிய குழு ஒன்று. சின்னது ஒன்றைச் சொல்லும், பெரியது வாங்கிப் பதில் சொல்லும். வடமோடிக் கூத்துக் களரியில் கூத்தர் ஒரு அடியைப் பாட, கூத்தைப் பழக்கி நடத்துகிற அண்ணாவியாரும் பிற்பாட்டுக்காரரும் அதை வாங்கி மேலே தூக்க, கூத்தர் அந்த இடைவெளியில் ஆடி முடித்து அடுத்த அடிக்கு வருவாரே, அதை நினைத்துக்கொண்டு கேளுங்கள். இங்கே கூத்தர் இடத்தில் கில்லெஸ்பியும் அவருடைய நாலு பேரும். பிற்பாட்டு இடத்தில் பித்தளைக் கூட்டம். கடைசிப் பகுதியான 'டொக்காட்டா'வில் கியூபாக்காரர் காண்டிடோ கொங்காவில் கையை வைக்கும்போது எனக்கு மத்தளம்தான் ஞாபகம்.

அந்தப் பித்தளைக் கூட்டத்தில்தான் ஷிஃப்ரினின் துணிச்சல் இருக்கிறது. பெரிய ஜாஸ் பாண்ட் என்றால் முன்வரிசையில் வழமையாக ஐந்து சக்ஸபோன் இருக்கும். பாண்டின் மெதுமையே அந்த வரிசைதான். அவர் அதை அப்படியே எடுத்துவிட்டார். சின்னக் குழுவில் லியோ ரைட் ஒருவர் மட்டும் சக்ஸபோனும் புல்லாங்குழலும் மாறி மாறி வாசிக்கிறார். எடுத்த இடத்தில் நாலு பிரெஞ்ச் ஹோர்ன், ஆகக் கீழ்ச்சுருதி ஊதுகிற ஒரு டியூபா. அதனால் ட்ரம்பெட்டின் கூர் மூடிமறைக்க ஆளில்லாமல் நேராக வருகிறது. அதற்குக் கீழே ஹோர்ன்கள் மழைக்கு முந்திய வானம் மாதிரி இருண்டு நிற்கின்றன. ஹெட்போன் போட்டுக் கேட்டால் அந்த நடு இருட்டு தனியாகக் கேட்கும். போன் ஸ்பீக்கரில் கேட்டுவிட்டு ஒன்றுமில்லை என்று சொல்லாதீர்கள், தயவுசெய்து.

நான் பாடசாலை பாண்டில் நாலு வருசம் ட்ரம்பெட் ஊதியவன். அதனால் இது எனக்குப் புத்தகத்து விசயம் இல்லை. வெயிலில் நின்று ஊதி ஊதி, மவுத்பீஸ் அழுத்தின வட்டம் உதட்டில் பின்னேரம் வரைக்கும் கிடக்கும். ஊர்வலம் நிற்கிற இடத்தில் எல்லாம் சாவியைத் திறந்து எச்சில் தண்ணியைத் தாரில் ஊற்றுவோம். முதல்நாள் இரவு பிராசோ போட்டுத் துடைத்தால் அந்த மணம் இரண்டு நாளைக்குக் கையை விட்டுப் போகாது. எங்கள் மாஸ்டர் ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொல்வார்: கன்னத்தை உப்பாதே. உப்பினால் காற்று சிதறும், சுதி இறங்கும். அவர் சொன்னது சரி. பிறகு ஒருநாள் கில்லெஸ்பியின் படத்தைப் பார்த்தேன். இரண்டு கன்னமும் தவளை மாதிரி உப்பி, ட்ரம்பெட்டின் வாய் வானத்தைப் பார்த்து வளைந்திருந்தது. 1953இல் ஒரு விருந்தில் யாரோ அதன்மேல் விழுந்து வளைந்ததாம். வளைந்தபடியே ஊதிப் பார்த்து, சத்தம் பிடித்துப்போய், பிறகு அப்படியே செய்வித்துக்கொண்டார். ஷிஃப்ரின் எழுதியது பொதுவாக ஒரு ட்ரம்பெட்டுக்கு இல்லை, இந்த மனிதரின் மூச்சுக்கு. எங்கே அவர் பாய்வார், எங்கே நிறுத்திச் சிரிப்பார் என்று தெரிந்து இடம் விட்டு எழுதியிருக்கிறார்.

சினிமா இசை தாழ்ந்தது என்று சொல்ல வரவில்லை. மிஷன் இம்பொசிபிளைக் கையில் தட்டிப் பாருங்கள்: தகிட தகிட தக தக. மூன்று, மூன்று, இரண்டு, இரண்டு. பத்து அட்சரம், அதாவது ஐந்து அடி. மிருதங்கம் படிக்கிற எங்கள் பிள்ளைகள் கண்டம் என்று சொல்கிற அதே ஐந்து. 1966இல் தொலைக்காட்சி பார்க்கிற சனத்துக்கு ஐந்து அடியில் ஒரு மெட்டைக் கொடுத்து, உலகம் முழுவதையும் முணுமுணுக்க வைப்பது லேசான காரியமா? அந்தக் கை கில்லெஸ்பியின் பக்கத்தில் பியானோவில் இருந்து வந்த கை. வேரை விட்டுவிட்டுப் பூவை மட்டும் பேசுகிறோம் என்பதுதான் என் ஆதங்கம்.

மட்டக்களப்பானுக்கு ஜாஸ் என்னத்துக்கு என்று ஒரு நண்பர் கேட்டார். நான் கேட்கிறேன், ஏன் கூடாது? நாங்கள் கிரிக்கெட்டும் கால்பந்தும் பார்க்கப் போகிற வெபர் மைதானம் யாருடைய பெயர்? ஜாஸ் பிறந்த நியூ ஓர்லியன்ஸை மையமாகக் கொண்ட இயேசு சபை மாகாணத்தில் இருந்து இங்கே வந்த குருமாரில் ஒருவருடைய பெயர். டியூக் எலிங்டன் 1963இல் தன் பாண்டோடு கொழும்புக்கே வந்து வாசித்தவர். டச்பார் பறங்கியர் வீடுகளில் வயலினும் ரபானும் வைத்து கப்ரிஞ்சா ஆடின சனம் எங்களோடுதானே இருந்தது? 2004 சுனாமி அவர்களில் எத்தனை பேரைக் கொண்டு போனது. காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள், ஒருவர் கையிலும் இல்லாத யாழைத் தேடி, கணக்குப் போட்டு, 'யாழ் நூலை' 1947இல் அரங்கேற்றினார். பழைய இசையைத் தோண்டி எடுத்துக் காது கொடுப்பது இந்த மண்ணுக்குப் புதிதா?

ஆனால் இங்கே பித்தளைக்கு இப்போது மரியாதை இல்லை. பாண்ட் என்றால் விளையாட்டுப் போட்டி, திருநாள், செத்தவீடு, அவ்வளவுதான். போன மாதம் ஒரு பாடசாலைக்குப் போனபோது ஸ்டோர் ரூமில் நாலு ட்ரம்பெட் வால்வு இறுகிப்போய்க் கிடந்ததைக் கண்டேன். ஒன்றை எடுத்து வால்வை அமத்தினேன். அசையவில்லை. பச்சை பிடித்திருந்தது. நெஞ்சுக்குள் என்னமோ செய்தது. எண்ணெய் ஒரு போத்தலும் ஒரு பின்னேரமும் போதும் அதுகளைத் திருப்பி எடுக்க. கேட்டிருக்கிறேன். தருவார்களென்றால் நானே இருந்து செய்வேன்.

கடைசியாக ஒன்று. என்னுடைய பெரியப்பா முப்பது வருசம் கோயில் பாண்டில் பேஸ் ஊதினவர். பெரிய வளையலாய் உடம்பைச் சுற்றிக் கிடக்குமே, அது. இப்போது எண்பதைத் தாண்டிவிட்டார், காது கொஞ்சம் மந்தம். போன ஞாயிறு பூசை முடிந்து புளியந்தீவில் அவர் வீட்டுக்குப் போய், ஹெட்போனை மாட்டி, கில்லெஸ்பியானாவின் முதல் பகுதியைப் போட்டேன். கில்லெஸ்பி மேலே ஏறுகிற இடத்தில் முகம் மலரும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு நிலத்தைப் பார்க்கிற மாதிரி இருந்தார். முடியும் வரைக்கும் பேசவில்லை.

"மேல ஊதுறவன விடு மனே," என்றார் பிறகு. "கீழ ஒருத்தன் இரிக்கான். அவன் நிண்டா எல்லாம் நிண்டிரும். யாருகா அவன்?"

இத்தனை மாதமாகக் கேட்கிறேன், நான் அந்தப் பெயரைத் தேடவே இல்லை. டியூபா ஊதினவர் யாரென்று போனில் பார்த்துச் சொன்னேன்: டொன் பட்டர்ஃபீல்ட்.

"டொன் பட்டர்ஃபீல்ட்," என்று இரண்டு தரம் சொல்லிப் பார்த்தார். "மறுகா ஒருக்காப் போடு."