சிப்பியில் விப்ரியோ என்றாலே நோயா?

சிப்பியில் விப்ரியோ என்ற பாக்டீரியா வளர்ந்ததாக வந்த ஆய்வுத்தாளின் படத்தைப் போட்டு, 'கடலூர் உப்பனாற்றுச் சிப்பி முழுக்க நோய்' என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அந்தத் தாள் அவ்வளவு தூரம் சொல்லவில்லைங்க.

விப்ரியோ ஒரே ஒரு கிருமியின் பெயர் இல்லை, நூற்றுக்கு மேற்பட்ட இனங்கள் கொண்ட பேரினம். கடல்நீரை வடிகட்டித் தின்னும் சிப்பியின் குடலிலும் செவுளிலும் அவற்றில் சில எப்போதும் குடியிருக்கும். நோயில்லாத சிப்பியிலும்தான்.

தாளில் 'டிசிபிஎஸ்' என்று இருக்கிறதா பாருங்கள். அது விப்ரியோவை வளர்த்துப் பார்க்கும் பச்சை நிற ஊடகம். சுக்ரோஸ் என்ற சர்க்கரையைப் புளிக்கவைக்கும் இனம் அதில் மஞ்சள் புள்ளியாக வளரும், மற்றது பச்சையாக. மனிதருக்கு வயிற்றுப்போக்கு தரும் பாராஹீமோலிட்டிகஸ் என்ற விப்ரியோ இனம் பச்சைப் புள்ளிதான். ஆனால் பச்சைப் புள்ளியெல்லாம் அது ஆகாது. இனத்தை உறுதிசெய்ய டாக்ஸ்ஆர் மரபணுவுக்கும், நோய் தரும் வகையா என்று பார்க்க டிடிஎச், டிஆர்எச் மரபணுக்களுக்கும் பிசிஆர் என்ற மரபணுச் சோதனை செய்ய வேண்டும். அவர் போட்ட படத்தில் அந்தச் சோதனை பற்றிய வரியே இல்லை, வெறும் புள்ளி எண்ணிக்கைதான்.

நீங்களே சரிபார்க்க ஒரு வழி: பரங்கிப்பேட்டையில் கடல் உயிரியல் படிக்கிற பிள்ளை யாரையாவது தெரிந்தால், கடலூர் தேவனாம்பட்டினத்துக் கடல்நீர் 0.1 மில்லியை அதே ஊடகத்தில் பரப்பி, 37 டிகிரியில் ஒரு நாள் வைக்கச் சொல்லுங்கள். சிப்பியே இல்லாமல் பெரும்பாலும் புள்ளி வந்துவிடும்.

அதற்காகப் பச்சையாகத் தின்னச் சொல்லவில்லை. நன்றாக வேகவைத்தால் விப்ரியோ செத்துவிடும். ஐப்பசி, கார்த்திகை வெள்ளத்தில் தண்ணீரின் உப்பு குறைந்து சிப்பி சாவது வேறு கதை, அதையும் இந்தத் தாளின் தலையில் கட்ட முடியாது.