சினை நண்டும் செபமாலையும்

போன வாரம் எங்கள் அன்பியக் கூட்டத்தில், அதாவது பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் கூடிச் செபிக்கிற கூட்டத்தில், ஒரு கேள்வி வந்தது. நம் விசுவாசம் வளர்ந்திருக்கிறது என்று எதை வைத்துத் தெரிந்துகொள்வது? ஆளாளுக்குப் பதில் சொன்னார்கள். வேளாங்கண்ணிக்கு நடந்து போனது, ஒன்பது நாள் நவநாள் செபத்தை விடாமல் முடித்தது, தியானத்தில் தேம்பி அழுதது, செவ்வாய் தவறாமல் அந்தோணியாருக்கு மெழுகுவர்த்தி ஏற்றியது. மீனைப் பற்றியோ காசைப் பற்றியோ ஒருவர்கூடப் பேசவில்லை. கூடியிருந்த அத்தனை குடும்பமும் கடலை நம்பிப் பிழைக்கிற குடும்பம். அதுதான் எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது. அங்கே நான் வாயைத் திறக்கவில்லை, எல்லாருக்கும் வீட்டில் உலை கொதிக்கிற நேரம். அதனால் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் போகும்.

பக்திக்கு நம் கரையில் என்றைக்குமே பஞ்சம் இருந்ததில்லை. 1542இல் சவேரியார் முத்துக்குளித்துறைக்கு வந்து, மணியடித்துப் பிள்ளைகளைக் கூட்டி, தமிழில் செபம் சொல்லிக்கொடுத்தார். அப்புறம் ஏழு வருஷத்தில், 1549இல், அந்தோணி கிரிமினாலி என்ற இத்தாலிக் குரு மண்டபத்துக்குப் பக்கத்தில் வேதாளையில் கொல்லப்பட்டார். சேசு சபையில் விசுவாசத்துக்காக உயிர்விட்ட முதல் வேதசாட்சி அவர்தான். ராமநாதபுரம் போகிற பஸ்ஸில் வேதாளையைத் தாண்டும்போது நம்மில் எத்தனை பேருக்கு அந்த நினைப்பு வரும் என்று தெரியாது. அருளானந்தர் வேதசாட்சியாக இறந்த ஓரியூர் அப்படியில்லை. அந்தச் செம்மண்ணைப் பொட்டலம் கட்டி வைக்காத வீடு நம் பக்கம் குறைவு. காய்ச்சல் வந்தால் நெற்றியில் பூசுவோம், புதுப் படகு கட்டினால் அணியத்தில், படகின் முன்முனையில், தொட்டு வைப்போம்.

ஆனால் அருளானந்தரை நாம் தலை வெட்டுப்பட்ட புனிதராக மட்டுமே வைத்திருக்கிறோம். 1693 பிப்ரவரி 4, அன்று சாம்பல் புதன். அந்த நாளை எல்லாரும் சொல்வார்கள். வழக்கு எங்கே தொடங்கியது? ஒரு வீட்டுக்குள். மறவர் சீமைத் தலைவர் தடியத்தேவர் நோயில் விழுந்து, வேதத்தால் குணமானேன் என்று நம்பி ஞானஸ்நானம் கேட்டார். ஒரு மனைவியோடு மட்டும் வாழ்வதாக இருந்தால்தான் என்றார் அருளானந்தர். அவரும் மூத்தவளை வைத்துக்கொண்டு மற்றவர்களை அனுப்பிவிட்டார். அனுப்பப்பட்டவர்களில் ஒருத்தி ராமநாதபுரம் ராஜா சேதுபதியின் உறவுக்காரப் பெண். அவள் போட்ட முறையீடுதான் கடைசியில் ஓரியூரில் போய் முடிந்தது. (வெளியே போன அந்தப் பெண்களுக்கு அப்புறம் என்ன ஆனது, யார் சோறு போட்டது என்று இதுவரை எந்தப் பிரசங்கத்திலும் நான் கேட்டதில்லை. வேதசாட்சியின் மேல் எனக்கு மரியாதை உண்டு. அந்தக் கேள்வியும் உண்டு.)

சரியோ தப்போ, அந்த ஞானஸ்நானம் ஒரு மனுஷனின் அடுப்படி வரைக்கும் போனது. நம்முடையது பல சமயம் கோயில் வாசலிலேயே நின்றுவிடுகிறது.

மூக்கையூரிலும் தங்கச்சிமடத்திலும் சந்தியாகப்பருக்கு, அதாவது அப்போஸ்தலர் யாக்கோபுக்கு, கோயில் இருக்கிறது. நம் ஆட்களுக்கு அவர் என்றால் குதிரையும் வாளும்தான் ஞாபகம் வரும். மாற்கு முதல் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். ஆண்டவர் கூப்பிட்டபோது அவர் படகில் உட்கார்ந்து வலையைச் சரிசெய்துகொண்டிருந்தார். பக்கத்தில் தம்பி, அப்பா, அப்புறம் கூலியாட்கள். ஆமாம், அப்பா செபதேயு கூலிக்கு ஆள் வைத்திருந்த சம்மாட்டி, படகு முதலாளி. மகன்கள் இருவரும் எழுந்து போனார்கள், அப்பாவும் கூலியாட்களும் படகிலேயே இருந்தார்கள் என்று அந்த வசனம் முடிகிறது. அந்தக் கூலியாட்களுக்கு அன்றைக்குப் பங்கு யார் பிரித்துக் கொடுத்திருப்பார்கள் என்று நான் யோசிப்பேன். மற்றவர்களுக்கு இது வேண்டாத யோசனையாகத் தோன்றலாம். கடல் கணக்கு எழுதுகிறவளுக்கு இப்படித்தான் தோன்றும்.

யோவான் 21 இன்னும் நெருக்கம். உயிர்த்தெழுந்தவரைப் பார்த்த பிறகும் இராயப்பர் என்ற பேதுரு, மீன் பிடிக்கப் போகிறேன் என்று கிளம்பிவிட்டார். இதைக் குறையாகச் சொல்லும் சாமியார்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. வீட்டில் அரிசி வேண்டாமா? இரவு முழுக்க மீன்பாடு இல்லை. விடியும்போது கரையில் ஒருவர் நின்று மீன் கிடைத்ததா என்று கேட்கிறார். செபம் பண்ணினீர்களா என்று கேட்கவில்லை. இவர்கள் கரைக்கு வருவதற்குள் அங்கே கரி நெருப்பும் அதன்மேல் மீனும் அப்பமும் தயாராக இருக்கிறது. அப்படியிருந்தும், நீங்கள் பிடித்ததிலும் கொஞ்சம் கொண்டு வாருங்கள் என்கிறார். அந்த வரி எனக்கு உசிர். தன்னிடம் இருப்பதே போதும் என்று அவர் சொல்லவில்லை, இவர்கள் உழைப்பும் அந்த நெருப்பில் வேக வேண்டும் என்கிறார்.

இப்போது நண்டுக்கு வருகிறேன்.

எங்கள் வீட்டுக்காரவுக வள்ளத்தில் நண்டு வலைக்குப் போகிறவுக. விடிந்து வலை கரைக்கு வந்ததும் பெண்கள் நாங்கள் உட்கார்ந்து கழற்றுவோம். நண்டு வலையில் அத்தனை காலாலும் பின்னிக்கொண்டு கிடக்கும். முதலில் கொடுக்கைப் பார்த்து, அப்புறம் ஒவ்வொரு காலாகக் கண்ணியிலிருந்து விடுவிக்க வேண்டும். அவசரப்பட்டு இழுத்தால் கால் ஒடியும், கால் ஒடிந்தால் விலை விழும். அதில் சினை நண்டு வரும். வயிற்று மடிப்புக்கு வெளியே மஞ்சளாக, பஞ்சு மாதிரி முட்டை அப்பியிருக்கும். பொரிக்கிற நேரம் நெருங்க நெருங்க அது கருத்துவிடும். ஒரு நண்டில் லட்சக்கணக்கில் முட்டை. வியாபாரிக்கு எல்லாம் ஒரே நிறுவைதான், சினையும் சேர்ந்து எடை ஏறும். அதனால் தனியாக எடுத்துக் கடலில் விடுவது என்றால் கையில் வந்த காசைக் கடலில் விடுவதுதான்.

என் மாமியார் விடுவாக. உயிரோடு இருக்கிற சினை நண்டைத் தனி வாளியில் போட்டு, முழங்கால் தண்ணி வரைக்கும் இறங்கிப் போய் விட்டுவிட்டு வருவாக. ஒருநாள் வியாபாரி சிரித்துக்கொண்டே, "என்ன ஆத்தா, காசைக் கொண்டுபோய்க் கடல்ல போடுறீக?" என்றார். "அது பிள்ளத்தாச்சிப்பா. நீ பேசாம நிறு," என்று சொல்லிவிட்டு அடுத்த வலையை இழுத்தாக. அவ்வளவுதான். அதில் வசனம் இல்லை, தோத்திரம் இல்லை. அவுகளுக்கு வாசிக்கத் தெரியாது. வார நாள் பூசைக்கும் போவதில்லை, வள்ளம் கரை சேர்கிற நேரமும் பூசை நேரமும் ஒன்று. வாயும் கொஞ்சம் நீளம், என்னிடமும்தான். எந்தத் தியான மேடையிலும் அவுகளைச் சாட்சி சொல்லக் கூப்பிட மாட்டார்கள். ஆனால் விசுவாசம் வளர்ந்ததற்கு அடையாளம் என்ன என்று என்னிடம் கேட்டால் அந்த வாளியைத்தான் காட்டுவேன்.

அடுத்துச் சொல்லப்போவது சிலருக்குக் கோபம் வரவைக்கும். வரட்டும்.

தவக்காலத்தில் கச்சத்தீவுத் திருவிழா. குடிக்கத் தண்ணீர்கூட இல்லாத தீவு. அங்கே அந்தோணியாருக்குக் கோயில் கட்டியவர் நம்புதாளை சீனிக்குப்பன் படையாட்சி என்று பெரியவர்கள் சொல்வார்கள். 1974 ஒப்பந்தத்தில் தீவு அந்தப் பக்கம் போனது, திருவிழாவுக்கு மட்டும் பாஸ்போர்ட், விசா இல்லாமல் போகலாம் என்று வைத்தார்கள். அந்தக் கரையிலிருந்தும் இந்தக் கரையிலிருந்தும் வந்தவர்கள் ஒன்றாகச் சிலுவைப்பாதை போகிறோம். பூசையில் சமாதானத்தைப் பகிர்ந்துகொள்ளுங்கள் என்றதும் யாழ்ப்பாணத்துப் பெண்ணும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக் கைகூப்புகிறோம். அவளும் மீன்காரன் பெண்டாட்டி. அதே வாரம் இந்தப் பக்கத்து விசைப்படகுகள் அவள் கடலில் இழுவைமடியைப் போட்டுத் தரையோடு அரித்துக்கொண்டு வருகின்றன. அவள் புருஷன் கடன் வாங்கிப் போட்ட வலையும் அதோடு அறுந்து போகிறது. 2017இல் இலங்கை இழுவைமடியைச் சட்டம் போட்டே தடை செய்தது. இங்கேயும் நாட்டுப்படகுக்காரன் வலையை அறுப்பது அதே மடிதான், அதை நாங்கள் அனுபவித்துக்கொண்டிருக்கிறோம்.

நம் பிள்ளைகளை அவர்கள் கடற்படை பிடித்துக்கொண்டு போகிறதும் படகைப் பறிக்கிறதும் எனக்குத் தெரியாதது இல்லை. சிறையில் கிடப்பது பெரும்பாலும் கூலிக்குப் போனவன். அவன் வீட்டு வாசலில் உட்கார்ந்து செபமாலை சொல்லியிருக்கிறேன், அந்த அழுகை பொய்யில்லை. கடனில் மாட்டிய படகுக்காரருக்கும் திரும்ப வழி தெரியவில்லை, கரையில் மடி நிறைய வந்தால்தான் வட்டி கட்ட முடியும். இவ்வளவும் உண்மை. ஆனாலும் கைகூப்பிச் சமாதானம் சொன்ன பெண்ணின் வலையை அறுப்பது ஏழாம் கட்டளையில் வருமா வராதா என்று ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது பிரசங்கத்தில் கேட்க எனக்கு ஆசை. குழந்தைகளுக்கு ஞான உபதேசத்தில், பென்சில் திருடாதே என்று அந்தக் கட்டளையை ரொம்ப நன்றாகவே சொல்லிக்கொடுக்கிறோம்.

இதற்கெல்லாம் நேரம் எங்கே என்று கேட்பவர்களுக்கு நான் செய்வதைச் சொல்கிறேன், பெரிதாக ஒன்றும் இல்லை. இந்தக் கரைக்கு வந்த சவேரியாரும் கிரிமினாலியும் அருளானந்தரும் சேசு சபையைத் தொடங்கிய இஞ்ஞாசியாரின் சபைக்காரர்கள். அவர் தினமும் ஆத்தும சோதனை செய்யச் சொன்னவர். நாமோ அதைக் குருவிடம் பாவத்தைச் சொல்கிற பாவசங்கீர்த்தனத்துக்கு முன்னால் ஐந்து நிமிஷ வேலையாக ஆக்கிவிட்டோம். இரவு டீசல், ஐஸ், சாப்பாடு என்று செலவைக் கழித்து, வள்ளப் பங்கு, வலைப் பங்கு, ஆள் பங்கு என்று பிரித்து எழுதி முடித்ததும் நோட்டை மூடாமல் வைத்திருப்பேன். யாருக்குச் சேர வேண்டியது இன்னும் என் டப்பாவில் கிடக்கிறது, இன்று யாரிடம் பேசிய பேச்சு அதிகம், நினைக்காத இடத்தில் யார் கை கொடுத்தார்கள். இவ்வளவுதான் கேட்டுக்கொள்வேன். சில ராத்திரி அதற்குள் தூங்கிப்போவேன். கடவுளும் ஒன்றும் சொல்வதில்லை. ஆனால் முன்பெல்லாம் எங்கள் வீட்டில் சண்டை வந்தால் வாரக்கணக்கில் பேச்சு நின்றுபோகும், இப்போது அடுத்த வேளைச் சோற்றுக்குள் தீர்ந்துவிடுகிறது. வளர்ச்சி என்று கேட்டால் என்னிடம் எடுத்துக் காட்ட இருப்பது அதுதான்.

"அப்போ கோயில், கொடி, சப்பரம் எல்லாம் வேண்டாமா?" என்று உடனே ஒருவர் வருவார். வேண்டும். கொடியேறுகிற அன்று எனக்கும் தொண்டை அடைக்கும். நான் கேட்பது திருவிழாச் செலவுக்கு வீடு வீடாக வாங்குகிற வரியைப் பற்றி. விசைப்படகுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். அதில் வேலை போவது படகில் கூலிக்குப் போகிறவனுக்கு. அரசு கொடுக்கிற நிவாரணம் கடை பாக்கிக்கே பத்தாது. தடை முடிந்து அவன் இரண்டு மூன்று முறை கடலுக்குப் போய் வருவதற்குள் நம் கரையில் திருவிழா வரிசையாக வந்துவிடும், வரி நோட்டோடு வாசலில் நிற்போம். படகு வைத்திருப்பவருக்கும் அதே தலைக்கட்டு வரி, அந்தப் படகில் கூலிக்குப் போகிறவனுக்கும் அதே வரி. கொடுக்காதவன் பெயரை மைக்கில் வாசிக்கிற ஊர்களும் உண்டு.

இந்த வருஷம் கூலிக்காரக் குடும்பங்களுக்குப் பாதி வரி, கைம்பெண் வீடுகளுக்கு வரியே வேண்டாம், குறைகிற தொகைக்கு வாணவேடிக்கையைக் குறைத்துக்கொள்ளலாம் என்று பங்குப் பேரவை என்கிற கோயில் நிர்வாகக் கூட்டத்தில் எழுந்து கேட்கப் போகிறேன். தனியாகக் கேட்டால் உட்காரவைத்துவிடுவார்கள். ஞாயிறு இரண்டாம் பூசை முடிந்ததும் கூட்டம், அன்பியத்துப் பெண்கள் கிளம்பிப் போகாமல் கொஞ்சம் இருங்கள்.