ஈயம் போட்டு எறிவது ஃபிளை தூண்டில் இல்லை

மேலே ஒரு தம்பி, ஸ்கொட்லாந்துக்கு ஃபிளை தூண்டில் போடப் போகிற தன் மச்சானுக்குச் சொன்ன யோசனை: கிண்ணியாப் பாலத்தில் பாரைக்கு எறிகிற மாதிரித் தங்கூசியில் (நைலோன் நூலில்) ஃபிளையைக் கட்டி, ஈயம் போட்டு வீசு, இழுவை தெரிந்ததும் கோலைச் சுண்டு. இரண்டும் பிழை. நம்பிப் போனால் அந்த மச்சான் வெறுங்கையோடுதான் திரும்புவார்.

ஃபிளை என்பது தூண்டில் முள்ளில் சுற்றிய இறகும் நூலும். அதற்குப் பாரமே இல்லை. அதைக் கொண்டுபோவது தடித்த ஃபிளை லைனின் பாரம். அதன் நுனியில்தான் மெல்லிய தங்கூசி வரும். கோலைப் பின்னுக்குக் கொண்டுபோய் நிறுத்தி, லைன் பின்னால் முழுதாக நீளும்வரை பொறுக்க வேண்டும். பிறகுதான் முன்னுக்கு. கைப்பலத்தில் அவசரப்பட்டால் சாட்டை மாதிரிச் சொடுக்கி ஃபிளை அறுந்துவிடும்.

சுண்டுகிற விஷயம் இன்னும் முக்கியம். மிதக்கும் ஃபிளையை ட்ரவுட் மீன் எடுத்தால் கோலைச் சட்டென்று உயர்த்தலாம். சால்மன் வேறு. முட்டையிட ஆறேறுகிற அட்லாண்டிக் சால்மன் நன்னீரில் இரை தேடுவதில்லை. ஆற்றுக்குக் குறுக்காக, நீரோடும் கீழ்ப்பக்கம் சாய்த்து எறிந்து, நீரோட்டமே ஃபிளையை வளைத்துக் கரைப்பக்கம் கொண்டுவர விட வேண்டும். ஒவ்வொரு எறிக்கும் ஓரிரு அடி கீழே நகர வேண்டும். தொட்டதும் சுண்டினால் வாயிலிருந்து பிடுங்கியதாகிவிடும். மீன் திரும்பி, லைன் இறுகி, பாரம் கையில் தெரிந்த பிறகு உயர்த்தச் சொல்லுங்கள்.

இன்னொன்று: ஸ்கொட்லாந்தில் ஞாயிற்றுக்கிழமை சால்மன் பிடிப்பது 2003 ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். மற்ற நாட்களிலும் அந்த ஆற்றில் மீன்பிடி உரிமை உள்ளவரின் அனுமதி கட்டாயம்.